முதலில் மின்னஞ்சலைப் பூட்டுங்கள்: மோசடிக் கடிதங்களிலிருந்தும் கணக்குத் திருட்டிலிருந்தும் காத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு காலத்தில் கடிதங்கள் நேராக லயத்து வீடுகளுக்கு வந்ததில்லை. அவை தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராணி பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். எழுத்தறியாதவர்களுக்கு அவரே பிரித்துப் படித்தும் காட்டுவார். முத்திரையைப் பார்த்தும் கையெழுத்தைப் பார்த்தும், இது அரசாங்கக் கடிதம், இது ஊரிலிருந்து அண்ணன் எழுதியது என்று சொல்லிவிடக்கூடிய ஒருவர் நடுவில் இருந்தார். அதே குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கைப்பேசியில் பெறும் மின்னஞ்சலுக்கு நடுவில் அப்படி எவரும் இல்லை. கிராணி பார்த்த வேலையையும் சேர்த்துப் பெறுபவரே பார்க்க வேண்டியிருக்கிறது.

பந்துவான் எனும் அரசு உதவித்தொகை விண்ணப்பங்களையும் வருமான வரிப் படிவங்களையும் நிரப்பித் தரும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பதால், கணக்கைப் பறிகொடுத்துவிட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்வதையே இங்கு வரிசையாக எழுதுகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் ஜிமெயில் கணக்கும் வைத்திருப்பவர்கள் என்பதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மற்ற நிறுவனங்களின் கணக்குகளிலும் இதே அமைப்புகள் சற்று வேறு பெயர்களில் இருக்கும்.

ஏன் மின்னஞ்சலில் தொடங்க வேண்டும்

வங்கியின் கடவுச்சொல்லைப் பொத்திப் பாதுகாப்பவர்கள்கூட மின்னஞ்சலைக் குப்பைத்தொட்டி போலத்தான் நினைக்கிறார்கள். விளம்பரங்கள் வந்து குவியும் இடத்தை யார் திருடப்போகிறார்கள் என்று கேட்கிறார்கள். ஆனால் முகநூல், இணைய அங்காடிகள், வேலை விண்ணப்பத் தளங்கள் என நாம் பதிவு செய்யும் ஏராளமான இடங்களில், 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்று அழுத்தினால் புதிய கடவுச்சொல் அமைப்பதற்கான வழி மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. மின்னஞ்சலைப் பிடித்தவர் அந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளலாம். மலேசிய வங்கிக் கணக்கை மின்னஞ்சலால் மட்டும் எளிதில் திறந்துவிட முடியாது என்பது உண்மைதான். எனினும் கூகிள் கணக்கில் குரோம் உலாவி சேமித்து வைத்த கடவுச்சொற்களும், படத்தொகுப்பில் மைகார்டு அடையாள அட்டையின் இரு பக்கங்களும், சம்பளச் சீட்டும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் கிடக்கின்றன என்றால், திருடனுக்கு வங்கியிடமோ உங்களிடமோ நம்பும்படிப் பேச வேண்டிய அத்தனையும் கிடைத்துவிட்டது என்று பொருள். இக்காரணத்தாலேயே, ஒருவருக்கு ஒரே ஒரு மாலை நேரம்தான் இதற்கு ஒதுக்க முடியும் என்றால், அதை மின்னஞ்சல் கணக்குக்கே செலவிடச் சொல்வேன்.

முதல் படி: கணக்கு உண்மையில் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தல்

நம் பட்டணங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இது. புதுக் கைப்பேசி வாங்கும்போது கடைப் பையனே ஒரு மின்னஞ்சலை உருவாக்கி, கடவுச்சொல்லைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுகிறான். பெட்டி தொலைந்துபோகிறது. மீட்பு எண்ணாகச் சில வேளைகளில் கடையின் எண்ணே இருக்கிறது. சில வேளைகளில் அப்போது வைத்திருந்த பிரிபெய்ட் எண் இருக்கிறது. டாப் அப் செய்யாமல் விட்ட பிரிபெய்ட் எண் காலாவதியாகி, பின்னர் வேறொருவருக்கு விற்கப்படலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படி நேர்ந்தால் உங்கள் கணக்கின் மாற்றுச் சாவி முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப்பையில் இருக்கிறது.

கைப்பேசியின் அமைப்புகளில் கூகிள் என்பதைத் திறந்து, கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குச் சென்று, பாதுகாப்பு என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே மீட்புக்கான தொலைபேசி எண்ணும் மீட்புக்கான மின்னஞ்சலும் இருக்கும். எண் இன்று உங்கள் கையில் உள்ள எண்தானா, மின்னஞ்சல் உங்களால் திறக்கக்கூடியதுதானா என்று சரிபார்த்து, இல்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள். சிங்கப்பூரிலோ ஜொகூர் பாருவிலோ வேலை செய்யும் மகனின் எண்ணைப் பெற்றோரின் கணக்குக்குக் கொடுத்திருப்பது தவறில்லை. ஆனால் மகன் எண்ணை மாற்றும்போது இதையும் மாற்ற வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதே பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியலும் உண்டு. விற்றுவிட்ட பழைய கைப்பேசியோ அடையாளம் தெரியாத கணினியோ அதில் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி: கடவுச்சொல்

மைகார்டு எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்பது நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த அட்டையின் நகலை நாம் எத்தனை கடைகளிலும் அலுவலகங்களிலும் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் நமக்கே தெரியாது. ஆகவே பெயரோடு பிறந்த தேதியைச் சேர்த்துக் கடவுச்சொல் வைப்பது கதவில் சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குறியீடுகளைக் கலந்தே ஆக வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயங்களைக் கைவிட்டு, நீளத்துக்கே முதன்மை தந்தன. என் அனுபவமும் அதையே சொல்கிறது: மாதந்தோறும் மாற்றச் சொன்னால் மக்கள் இறுதி எண்ணை ஒன்று கூட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஒன்றோடொன்று தொடர்பில்லாத 4 அல்லது 5 தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதினால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். மண்வெட்டி, பூரான், தாம்பாளம், சாம்பல் என்பது போல அமைத்துக்கொள்ளலாம். இதையே அல்ல, உங்களுக்கு மட்டும் தோன்றும் சொற்களை. பாடல் வரி, பழமொழி, குலதெய்வத்தின் பெயர் ஆகியவை வேண்டாம். இதைவிட முக்கியம், மின்னஞ்சலுக்கு வைத்த கடவுச்சொல்லை வேறெங்கும் வைக்காதிருப்பதாகும். ஏதோ ஓர் இணைய அங்காடியின் தரவு கசிந்தால், அதிலுள்ள மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் இணைத்து மற்றத் தளங்களிலெல்லாம் தானியங்கி நிரல்கள் முயன்று பார்க்கின்றன. உங்கள் முகவரி அறியப்பட்ட கசிவுகளில் இருக்கிறதா என்று பார்க்க, ட்ராய் ஹண்ட் என்ற ஆஸ்திரேலியப் பாதுகாப்பு வல்லுநர் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போண்ட்' என்ற தளம் உதவும்.

நினைவில் வைக்க இயலாத முதியவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும். வெளிநாட்டில் இருக்கும் திருடன் உங்கள் அலமாரியைத் திறக்க வருவதில்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைப்பதுதான் ஆபத்து.

மூன்றாம் படி: இரண்டாம் பூட்டு

கடவுச்சொல் திருடு போனாலும் கணக்குத் திறக்காமல் இருக்க, இருபடிச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் எண், எதுவும் இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஏமாற்றிக் கேட்டு வாங்கவும், சிம் அட்டையை வேறொருவர் பெயரில் மாற்றிக்கொள்ளவும் அதில் இடமுண்டு. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தி வழி ஒருமுறை எண்ணைக் கைவிட்டு உறுதியான முறைகளுக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்ததற்கு இதுவே காரணம். கைப்பேசியில் 30 வினாடிக்கு ஒருமுறை புதிய எண்ணைக் காட்டும் அங்கீகாரச் செயலி அதைவிட நல்லது. கைரேகையாலோ திரைப்பூட்டாலோ திறக்கும் கடவுச்சாவி, அதாவது பாஸ்கீ, எல்லாவற்றிலும் மேலானது என்பது என் கருத்து. ஏனெனில் அது உண்மையான தளத்தில் மட்டுமே வேலை செய்யும். போலித் தளத்தில் நீங்களே கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது.

இருபடிச் சரிபார்ப்பை இயக்கியதும் கூகிள் 10 மாற்றுக் குறியீடுகளைத் தரும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே பயன்படும். அவற்றைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளாதவர்கள், கைப்பேசி ஆற்றில் விழுந்த மறுநாள் என்னிடம் வருகிறார்கள். அப்போது என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

நீங்கள் எங்கும் உள்நுழையாத நேரத்தில் 'உள்நுழைவது நீங்கள்தானா' என்று திரையில் கேள்வி எழுந்தால், யாரோ உங்கள் கடவுச்சொல்லை ஏற்கெனவே அறிந்து வாசலில் நிற்கக்கூடும் என்று அறியுங்கள். இல்லை என்று அழுத்திவிட்டுக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். தொந்தரவு ஒழியட்டும் என்று ஆம் என்பதை அழுத்திவிடுவார்கள் என்பதற்காகவே நள்ளிரவில் திரும்பத் திரும்ப அனுப்புகிறவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பிலும் இருபடி ரகசிய எண்ணை அமைத்துவிடுங்கள். 'தவறுதலாக என் 6 இலக்க எண் உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள் மாமா' என்று தங்கை மகனின் எண்ணிலிருந்தே செய்தி வந்தாலும் அனுப்பக் கூடாது. அவன் கணக்கு முதலில் பறிபோய்விட்டது, அடுத்து உங்களுடையது.

நான்காம் படி: வந்த கடிதத்தைப் படிக்கும் முறை

மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் அடிப்படை நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்துக்காக உருவான அந்த முறையில், அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. உறையின் பின்புறத்தில் யார் வேண்டுமானாலும் எவர் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது போன்றதே அது. பின்னாளில் சேர்க்கப்பட்ட சரிபார்ப்புகள் பல போலிகளை வடிகட்டினாலும், பெயரிடும் இடத்தில் 'உள்நாட்டு வருமான வாரியம்' என்று எழுதிக்கொள்வதை எவராலும் தடுக்க முடியாது. ஜிமெயில் செயலி அந்தப் பெயரைத்தான் பெரிதாகக் காட்டுகிறது. பெயருக்குக் கீழுள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால்தான் முழு முகவரி தெரியும். எனவே பணம், கடவுச்சொல், அடையாள எண் ஆகிய மூன்றில் எதைப் பற்றிய கடிதமானாலும் முதலில் அந்த அம்புக்குறியைத் தொட வேண்டும்.

அடுத்து இணைப்பு. விரலை அதன் மேல் அழுத்திப் பிடித்தால் திறக்காமலேயே முகவரியைக் காட்டும். அதைப் படிக்கும்போது, முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். 'வங்கிபெயர்.காம்.எம்ஒய்.ரீஃபண்ட்.டாப்' என்று முடியும் முகவரிக்கு உரிமையாளர் 'ரீஃபண்ட்.டாப்' என்பதைப் பதிவு செய்தவரே. முன்னால் உள்ள வங்கிப் பெயர் வெறும் அலங்காரம். மலேசிய அரசு நிறுவனங்களின் தளங்கள் 'ஜிஓவி.எம்ஒய்' என்று முடியும், அந்த முடிவு தனியாருக்குக் கிடைப்பதில்லை. ஊழியர் சேமநிதி வாரியத்தின் தளம் இந்த முடிவைக் கொண்டே இருக்கிறது. முகவரிக்கு முன்னால் உலாவி காட்டும் பூட்டுச் சின்னத்தை நம்பிப் பயனில்லை. போலித் தளங்களும் அதைப் பெறுகின்றன. குரோம் உலாவியே 2023இல் அந்தச் சின்னத்தை நீக்கி வேறு குறியை வைத்தது. என்னைக் கேட்டால், முகவரி படிக்கத் தெரிந்தவர்களும் இணைப்பைத் தொடாமல், வங்கியின் செயலியையோ தளத்தையோ தாமே திறந்து பார்ப்பதுதான் நிம்மதி. உண்மையான செய்தியாக இருந்தால் அது அங்கேயும் இருக்கும்.

குறுஞ்செய்திகளில் இணைய இணைப்புகள் வருவதைத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உத்தரவால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2023 முதல் படிப்படியாகத் தடுத்து வந்திருக்கின்றன. மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் அந்தத் தடை பொருந்தாது.

நம் பகுதியில் எந்தக் கடிதம் எப்போது வரும் என்பதற்கு ஒரு பருவம் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். வரிப் படிவங்களுக்குக் கெடு நெருங்கும் ஏப்ரலிலும் மே மாதத்திலும், 'உங்களுக்கு வரிப்பணம் திரும்பக் கிடைக்கிறது, அட்டை எண்ணைப் பதியுங்கள்' என்று வரும். வருமான வாரியமோ படிவத்தில் நாம் கொடுத்த வங்கிக் கணக்கில்தான் பணத்தைச் சேர்க்கிறது. அட்டையின் பின்பக்க எண் அதற்கு எதற்கு? சேமநிதியில் 2024 மே 11 முதல் மூன்றாம் கணக்கு ஒன்று வந்தபோது, பணம் எடுத்துத் தருகிறோம் என்ற அழைப்புகள் என்னிடம் வந்தவர்களின் கைப்பேசிகளில் நிறைந்திருந்தன. 2025இல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் 100 ரிங்கிட் உதவி மைகார்டிலேயே தானாகச் சேர்க்கப்பட்டது. விண்ணப்பமே தேவைப்படாத அந்த உதவிக்கும் படிவம் நிரப்ப வேண்டும் என்று நம்பி, அனுப்பப்பட்ட இணைப்போடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

இவற்றைவிட நான் அஞ்சுவது, எழுத்துப் பிழையோ அவசரமோ இல்லாத, தெரிந்தவரின் உண்மையான முகவரியிலிருந்தே வரும் கடிதத்துக்குத்தான். எனக்குத் தாள் விற்கும் வணிகரிடமிருந்து ஒருமுறை, அவருடைய பழைய விலைப்பட்டியல் கடிதத்தின் தொடர்ச்சியாக, அதே தொடரில், வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று ஒரு வரி வந்தது. முகவரி சரி, தொகை சரி, கையொப்பமும் சரி. ஒரே ஒரு வேறுபாடு: எப்போதும் என்னைத் தம்பி என்று எழுதுபவர் அன்று 'ஐயா' என்று எழுதியிருந்தார். அவர் எண்ணுக்கு அழைத்துக் கேட்டபோது எதையும் மாற்றவில்லை என்றார். அவருடைய கணக்கை யாரோ திறந்து, வாரக்கணக்கில் எங்கள் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. கோயில் நிர்வாகங்கள், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், கூட்டுறவுகள் ஆகியவற்றின் பொருளாளர்கள் ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: கணக்கு எண் மாற்றம் எதுவானாலும், கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்லாமல், முன்பே தெரிந்த எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்பப்படும். அரச மலேசியக் காவல் படையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணை இட்டுப் பார்க்கவும் செய்யலாம். புகார் ஏற்கெனவே வந்திருந்தால் அது காட்டும். ஒன்றும் காட்டாதிருப்பது நற்சான்று ஆகாது, ஏனெனில் நேற்று திறந்த கணக்குக்கு இன்று புகார் இருக்காது.

உங்கள் பழைய கடவுச்சொல்லைத் தலைப்பில் எழுதி, உங்களைப் படம் பிடித்திருக்கிறேன், பிட்காயின் அனுப்பு என்று மிரட்டும் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். கடவுச்சொல் பழைய கசிவிலிருந்து வந்தது. அது இன்னும் எங்காவது புழக்கத்தில் இருந்தால் மாற்றிவிட்டுக் கடிதத்தை அழித்துவிடுங்கள்.

இணைப்பாக ஏபிகே என்று முடியும் கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு, வந்தால், அது திருமண அழைப்பிதழாகவோ வீடு துப்புரவு செய்யும் நிறுவனத்தின் செயலியாகவோ சொல்லப்பட்டாலும், நிறுவக் கூடாது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் இத்தகைய செயலிகள் குறுஞ்செய்திகளைப் படித்து, வங்கி அனுப்பும் ஒருமுறை எண்களைத் திருடனுக்கு அனுப்பிவிடும். இதில் விதிவிலக்கு என்று எதையும் நான் ஒப்புவதில்லை.

பறிபோய்விட்டால்

பணம் சென்றிருந்தால் வேறெதையும் செய்வதற்கு முன் 997 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது; காவல் துறை, பேங்க் நெகாரா, தொலைத்தொடர்புத் தரப்பு ஆகியவை அதில் ஒன்றாகச் செயல்படுகின்றன. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், நாளை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமில்லை. வங்கியின் அவசர எண்ணையும் அழைக்கலாம். கணக்கை நாமே உடனடியாக முடக்கும் வசதி வங்கிச் செயலிகளில் உள்ளது, அதை இன்றே எங்கிருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அதன் பின் காவல் நிலையத்தில் புகார் செய்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போகவில்லை, மின்னஞ்சல் மட்டும் திறக்கவில்லை என்றால், பதற்றத்தில் நண்பரின் கைப்பேசியில் முயலாதீர்கள். வழக்கமாகப் பயன்படுத்திய அதே கைப்பேசியில், அதே வீட்டு இணைய இணைப்பில் கூகிளின் கணக்கு மீட்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும்; இது பழக்கமான சாதனம், பழக்கமான இடம் என்பதை அது கணக்கில் கொள்கிறது. நினைவில் உள்ள பழைய கடவுச்சொல்லைக் கேட்டால் தோராயமாகவாவது கொடுங்கள். திருடன் மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும், மாற்றப்பட்ட 7 நாளுக்குள் பழைய எண்ணைக் கொண்டு மீட்க வாய்ப்பு இருக்கிறது. ஆகவே ஒரு வாரம் கழித்து வருபவருக்கும் மறுநாளே வருபவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

கணக்குத் திரும்பக் கிடைத்ததும் பெரும்பாலோர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றி, மீட்பு எண்ணையும் மின்னஞ்சலையும் மறுபடி பார்த்து, கணக்கைப் பயன்படுத்த அனுமதி பெற்ற பிற செயலிகளின் பட்டியலில் அறியாதவற்றை நீக்க வேண்டும். பிறகு ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அமைப்புகளில் வடிகட்டிகள், முன்னனுப்புதல் ஆகிய பகுதிகளைப் பாருங்கள். கைப்பேசிச் செயலியில் இவை தெரிவதில்லை. உங்களுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் தன் முகவரிக்குச் செல்லும்படியோ, வங்கியின் பெயருள்ள கடிதங்கள் உங்கள் கண்ணில் படாமல் அழியும்படியோ திருடன் கட்டளை இட்டு வைத்திருக்கலாம். கடவுச்சொல் எத்தனை முறை மாறினாலும் அந்தக் கட்டளை இயங்கிக்கொண்டே இருக்கும். தாள் வணிகரின் கணக்கில் இருந்தது இதுதான்: 'விலைப்பட்டியல்' என்ற சொல் வரும் கடிதங்களெல்லாம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தன.

அதன் பிறகு, அதே கடவுச்சொல்லை வைத்திருந்த மற்றக் கணக்குகளை மாற்றுங்கள். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில், என் பெயரில் பணம் கேட்டு வந்தால் கொடுக்க வேண்டாம் என்று குரல் பதிவாகவே போடுங்கள். எழுத்தைவிடக் குரலை நம் மக்கள் நம்புகிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். திருடிய பணம் வந்து இறங்குவதற்கு ஒரு கணக்கு வேண்டும். சில நூறு ரிங்கிட்டுக்காக வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் இளைஞர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். கணக்கைப் பிறருக்குக் கொடுப்பதைக் குற்றமாக்கும் தனிப் பிரிவுகள் 2024இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டன. பிள்ளையின் பெயரில் உள்ள வங்கி அட்டை பிள்ளையிடம்தான் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்டுப் பார்ப்பது நல்லது.

பணம் இழந்தவரைத் தேடி, சில வாரங்கள் கழித்து இன்னொரு கடிதம் வரும். இழந்ததை மீட்டுத் தரும் நிறுவனம் என்றோ, வழக்கறிஞர் என்றோ, அதிகாரி என்றோ சொல்லி, முன்பணம் கேட்பார்கள். உங்கள் பெயர், இழந்த தொகை, தேதி எல்லாம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். முதலில் ஏமாற்றியவர்களோ அவர்களிடம் பட்டியலை வாங்கியவர்களோ அல்லாமல் வேறு யாருக்கு அது தெரியும்? புகார் செய்தபோது கிடைத்த நகலில் விசாரணை அதிகாரியின் பெயரும் நிலையமும் இருக்கும். அந்த நிலையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். அங்கே யாரும் மீட்புக் கட்டணம் கேட்பதில்லை.